ஏரி நிரம்பினால் தூண்டில் விற்கும்: மளிகைக் கடைக்கு ஏற்ற ஒரு பக்க வியாபாரம்

வடகிழக்குப் பருவமழை தொடங்கி ஏரிகளில் தண்ணீர் ஏறியதும், தாம்பரம் சுற்றுவட்டார மளிகைக் கடைகளில் ஒரு கேள்வி கேட்கத் தொடங்கும். "அண்ணாச்சி, தூண்டில் முள் இருக்கா?" என்பதே அது. பலர் "இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். சிலர் ஏதோ ஒரு முள்ளையும் ஒரு சுருள் நரம்பையும் எடுத்துக் கொடுக்கிறோம். எந்த மீனுக்கு எந்த முள் என்று விசாரித்துக் கொடுப்பவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலரின் கடைக்குத்தான் வாடிக்கையாளர் அடுத்த வாரமும் வருகிறார். வரும்போது அரிசியும் எண்ணெயும் அங்கேயே வாங்கிச் செல்கிறார்.

தூண்டில் சாமான் பெரிய முதலீடு கேட்காத சரக்கு. கெட்டுப் போகாது, காலாவதித் தேதி கிடையாது, ஒரு தட்டில் அடங்கிவிடும். குளிர்சாதனப் பெரிய அங்காடிகள் பெரும்பாலும் இதை வைப்பதில்லை. செல்போனில் பதிவு செய்தால் வீட்டுக்கு வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஏரிக்குப் போகிறவருக்கு நாளை வரும் பொட்டலத்தால் பயனில்லை. அந்த நேரத்தில் திறந்திருப்பது நம் கடைதான். எனவே இந்தச் சரக்கைப் பற்றி வணிக அன்பர்கள் அறிந்து வைத்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

ஏரிகளின் மாவட்டம்

செங்கல்பட்டு வட்டாரத்துக்கு 'ஏரிகளின் மாவட்டம்' என்றே பெயர் உண்டு. 2019-ல் காஞ்சிபுரத்திலிருந்து பிரித்துத் தனி மாவட்டமாக்கப்பட்ட செங்கல்பட்டில்தான் தாம்பரம் இருக்கிறது. 2021-ல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் சுற்றியுள்ள பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி இரும்புலியூர், பீர்க்கன்கரணை ஏரிகள். கிழக்கே சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், செம்பாக்கம், சிட்லப்பாக்கம் ஏரிகள். மேற்கே மணிமங்கலம், அதற்கும் வடக்கே 24 அடி ஆழம் கொண்ட செம்பரம்பாக்கம் என்று நம் கடைகளைச் சுற்றி நீர்நிலைகளே இருக்கின்றன.

வெளிநாட்டில் இப்படிப்பட்ட ஊர்களின் கடைக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதும் பயன் தரும். அமெரிக்காவின் வடக்கே மின்னசோட்டா மாநிலத்துக்குப் 'பத்தாயிரம் ஏரிகளின் நாடு' என்பது செல்லப் பெயர். அங்கே 'வாலாய்' என்ற மீனை 1965-ல் மாநில மீனாகவே அறிவித்திருக்கிறார்கள். மங்கிய வெளிச்சத்திலும் நன்றாகப் பார்க்கும் கண் அந்த மீனுக்கு உண்டு. அதனால் விடியலிலும் அந்தியிலும்தான் அதிகம் பிடிபடுகிறது. ஏரிக்கரை ஊர்களில் ரொட்டியும் காப்பியும் விற்கும் கடையிலேயே முள், நரம்பு, உயிருள்ள சிறுமீன், மண்புழு, ஏன், அட்டைப்பூச்சிகூட இரையாக விற்பார்கள். மீன்பிடி உரிமச் சீட்டும் பல கடைகளில் கிடைக்கும். எந்த மீன் எந்தப் பக்கம் எடுக்கிறது என்பதைக் கடைக்காரரிடம் கேட்டுவிட்டே படகை இறக்குவார்கள். அங்கே பெட்டிக்கடை நிலைப்பதற்கு இந்தத் தகவலும் ஒரு காரணம். நாமும் செய்யத் தக்க காரியம் இது.

யார் வாங்குகிறார்கள்?

நம் பகுதியில் தூண்டில் வாங்குபவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, பள்ளிக்கூடப் பிள்ளைகள். மலிவான கழியும் ஒரு முள்ளும் போதும். இரண்டாவது, ரயில்வே, விமானப்படைத் தளம், 1984-ல் தொடங்கிய மெப்ஸ் வளாகம் முதலிய இடங்களில் வேலை பார்த்து, வாராந்திர ஓய்வு நாளில் ஏரிக்கரையில் உட்காருபவர்கள். இவர்களில் இளைஞர்கள் ரீல், ராடு என்று கேட்பார்கள். மூன்றாவது, வங்காளம், ஒடிசா, அசாம் பகுதிகளிலிருந்து கட்டட வேலைக்கும் தொழிற்சாலை வேலைக்கும் வந்திருப்பவர்கள். இவர்களுக்குக் கடல்மீனைவிட ஏரிமீன் மீதுதான் பிரியம். தூண்டிலிலும் கைதேர்ந்தவர்கள். இவர்கள் கேட்கும் சரக்கை வைத்திருந்தால் கடுகெண்ணெய் முதல் பருப்பு வரை நம்மிடமே வாங்குவார்கள்.

முள்ளின் எண்ணில் ஏமாற வேண்டாம்

தூண்டில் முள் வாங்கும்போது பலர் குழம்புவது எண்ணில்தான். சிறிய முட்களில் எண் கூடக்கூட முள் சிறிதாகும். 14-ஆம் எண் முள் மிகச் சிறியது. 10 அதைவிடப் பெரியது. 6 இன்னும் பெரியது. எண் 1-ஐத் தாண்டியபின் கணக்குத் திரும்புகிறது. 1/0, 2/0, 3/0 என்று போகப்போக முள் பெரிதாகும். இதை அறியாமல் "பெரிய நம்பர், பெரிய முள்" என்று கணக்கிட்டுக் கொள்முதல் செய்தால் பெட்டி பெட்டியாகத் தேங்கும். கம்பெனிக்குக் கம்பெனி அளவு சற்று மாறும் என்பதையும் கவனிக்க வேண்டும். நார்வே நாட்டு மஸ்டாட் 1877 முதல் தூண்டில் முள் செய்து வரும் கம்பெனி. அதன் பெயரைச் சொல்லிக் கேட்பவர்கள் இங்கும் உண்டு. அந்தப் பெயரில் போலிச் சரக்கும் வரக்கூடும் என்பதால், நம்பிக்கையான மொத்த வியாபாரியிடம் ரசீதுடன் வாங்குவது நல்லது.

நல்ல முள்ளைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. முனையை நகத்தின்மேல் மெல்ல வைத்து இழுத்தால் வழுக்காமல் பதிய வேண்டும். விரலால் சற்று விரித்தால் திரும்பத் தன் நிலைக்கு வர வேண்டும். வளைந்தபடியே நின்றால் மட்டம். பட்டென்று ஒடிந்தாலும் மட்டம்.

நரம்பு, தக்கை, ஈயம்

நரம்பு என்றும் தங்கூஸ் என்றும் கேட்கப்படுவது நைலான் ஒற்றை இழைதான். கனத்தை மில்லிமீட்டரில் குறித்திருப்பார்கள். சிறு கெண்டைக்கு 0.20, ஜிலேபிக்கும் கெளுத்திக்கும் 0.30 முதல் 0.35, விராலுக்கு 0.45 முதல் 0.50 என்று மூன்று கனம் வைத்தால் தொடக்கத்துக்குப் போதும். நரம்புச் சுருளை வெயில் படும் இடத்தில் தொங்கவிடக் கூடாது. வெயிலில் கிடந்த நைலான் பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். மீன் இழுக்கும்போது அறுந்துவிடும். பழி கடைக்குத்தான் வரும்.

தக்கை, மீன் கடிப்பதைக் காட்டும் கருவி. நெட்டித் துண்டு, தெர்மாகோல், பிளாஸ்டிக் என எதுவானாலும் சரி; சிறிதாக இருந்தால் மீனுக்குச் சந்தேகம் வராது. ஈயக்குண்டு தக்கையை முழுகடிக்காத எடையில் இருக்க வேண்டும். தக்கையின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தால் எடை சரி.

முள் கட்டத் தெரியாதவர்களே அதிகம். நரம்பை முள்ளின் கண்ணில் கோத்து, அதே நரம்பின்மேல் ஐந்து சுற்றுச் சுற்றி, நுனியைக் கண்ணருகே உள்ள வளையத்தில் நுழைத்து, எச்சிலாலோ தண்ணீராலோ ஈரப்படுத்தி இறுக்க வேண்டும். உலர்ந்த நிலையில் இறுக்கினால் உராய்ந்து சூடாகி நரம்பு பலம் இழக்கும். கழி தவிர முள், நரம்பு, தக்கை, ஈயம் எல்லாவற்றையும் கட்டி ஓர் அட்டையில் சுற்றி 'ரெடி செட்' ஆகத் தொங்கவிட்டால், தனித்தனியாக விற்பதைவிட வேகமாகப் போகும். மதிய நேரத்தில் வீட்டுப் பெண்களே இதைக் கட்டிவிடலாம்.

எந்த மீனுக்கு எது?

கெண்டை: 12 அல்லது 14-ஆம் எண் முள், மெல்லிய நரம்பு, சிறு தக்கை. இரை கோதுமை மாவு, சோற்றுப் பருக்கை, மண்புழுத் துண்டு. தக்கை அசைந்த உடனே தூக்க வேண்டும்.

ஜிலேபி: ஆப்பிரிக்காவைப் பூர்விகமாகக் கொண்ட இந்த மீன் 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று இது இல்லாத ஏரி அரிது. 8 அல்லது 10-ஆம் எண் முள், மண்புழு அல்லது மைதா உருண்டை. கரையோரத்திலேயே கிடைக்கும், பிள்ளைகளுக்கு ஏற்ற மீன்.

கெளுத்தி: 6-ஆம் எண் முள், தக்கை வேண்டாம், ஈயம் அடியில் கிடக்க வேண்டும். மண்புழு, கோழிக்குடல் இரை. மாலை மங்கியபின் எடுக்கும். துடுப்பு முள் குத்தினால் கடுக்கும் என்று புதியவர்களை எச்சரிக்க வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தி என்னும் பெரிய வகை மற்ற மீன்களைத் தின்று தீர்ப்பது. அதை வளர்ப்பதை மத்திய அரசு தடை செய்திருக்கிறது. பிடிபட்டால் திரும்ப ஏரியில் விடக் கூடாது.

ரோகு, கட்லா: இதற்கு 'ஸ்பிரிங்' தூண்டில் கேட்பார்கள். கம்பிச் சுருளைச் சுற்றி நான்கைந்து முட்கள் தொங்கும். சுருளின்மேல் பிண்ணாக்கு உருண்டையைப் பிடித்து வீசினால், உருண்டை மெல்லக் கரைய, மீன் அதை உறிஞ்சும்போது முள்ளும் வாய்க்குள் போகும். வடமாநிலத் தொழிலாளர்கள் அதிகம் கேட்பது இதுதான்.

விராலுக்குத் தனி மரியாதை

மின்னசோட்டாக்காரருக்கு வாலாய் எப்படியோ, நமக்கு விரால் அப்படி. தெலங்கானா மாநிலம் 2016-ல் இதைத் தன் மாநில மீனாக்கியது. சந்தையில் உயிரோடு தொட்டியில் வைத்து விற்கப்படும் மீன் இது. விலையும் அதற்கேற்ப இருக்கும்.

விரால் மறைந்திருந்து பாயும் மீன். கோரை, அல்லி இலை, ஆகாயத்தாமரை ஓரங்களில் காலையிலும் மாலையிலும் இரை தேடும். காற்றைச் சுவாசிக்க மேலே வந்து போகும்போது தண்ணீரில் ஒரு குமிழ் தெரியும். அனுபவசாலிகள் அதைப் பார்த்தே இடம் பிடிப்பார்கள். 1/0 முதல் 3/0 வரையிலான முள், கனத்த நரம்பு அல்லது பின்னல் நூல் வேண்டும். செடிக்குள் இழுத்துச் செல்லும் மீனுக்கு மெல்லிய நரம்பு நிற்காது.

முன்பெல்லாம் உயிருள்ள தவளையைக் கோப்பது வழக்கம். தவளைகள் பூச்சியைத் தின்று வயலைக் காப்பவை. தவளைக்கால் ஏற்றுமதியை இந்தியா 1987-லேயே தடை செய்துவிட்டது. இப்போது ரப்பர் தவளை வந்திருக்கிறது. அதன் முள் மேற்பக்கமாக உடலோடு ஒட்டியிருப்பதால் செடியில் மாட்டாது. இலைமேல் வீசி, இரண்டு இழுப்பு இழுத்து, சற்று நிறுத்தி, மறுபடி இழுக்க வேண்டும். விரால் பாய்ந்து கவ்வியதும் உடனே சுண்டினால் தவளை மட்டும் திரும்பி வரும். இரண்டு மூன்று எண்ணும் நேரம் பொறுத்து, பிறகு பலமாகச் சுண்ட வேண்டும். ரப்பர் தவளை வாங்குபவருக்கு இந்த ஒரு வார்த்தையைச் சொல்லி அனுப்புங்கள். அவர் உங்கள் கடையை மறக்க மாட்டார்.

இன்னொரு வார்த்தையும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் விரால் குஞ்சு பொரித்து, செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே மிதந்து வரும். தாயும் தந்தையும் கீழே காவல் நிற்கும். அந்த நேரத்தில் எதை வீசினாலும் அவை பாயும் என்பதால் பிடிப்பது சுலபம். பிடித்துவிட்டால் குஞ்சுகள் அத்தனையும் மற்ற மீன்களுக்கு இரை. கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை இருப்பது நமக்குத் தெரியும். மின்னசோட்டாவிலும் வாலாய் முட்டையிடும் காலத்தில் பிடிக்கவிடாமல் மே மாதத்தில்தான் அனுமதிக்கிறார்கள். நம் ஏரியில் அந்தக் கட்டுப்பாட்டைத் தூண்டில்காரரே கடைப்பிடிக்க வேண்டும். நினைவூட்ட வேண்டியவர் கடைக்காரர்.

இரை நம் அலமாரியிலேயே

முள்ளில் கிடைக்கும் லாபத்தைவிட இரையில் கிடைப்பது கூடுதலாக இருக்கலாம். மைதா மாவைக் கெட்டியாகப் பிசைந்து, சிறிது பஞ்சு சேர்த்தால் தண்ணீரில் எளிதில் கரையாது. கடலைப் பிண்ணாக்கு, தவிடு, கொஞ்சம் வெல்லம், தட்டிய ஏலக்காய் சேர்த்தால் ரோகு, கட்லாவுக்கு நல்ல இரை. இந்தச் சாமான்களைக் கால் கிலோ அளவில் கலந்து பொட்டலமாகக் கட்டி விற்கலாம். 'மீன் இரை, உணவுக்கு அல்ல' என்று பெரிதாக எழுத வேண்டும். எடை, விலை, தயாரித்தவர் பெயர், தேதி குறிக்க வேண்டும். பொட்டலச் சரக்கு விதிகள் எல்லாருக்கும் பொதுவானவை.

கொள்முதலும் வைக்கும் முறையும்

காசிமேடு, ராயபுரம் பகுதிகளில் மீன்பிடிச் சாமான் கடைகள் இருக்கின்றன. ஆனால் அங்கே கடலுக்கு ஏற்ற பெரிய முள்ளும் கனத்த நரம்பும் முன்னே நிற்கும். ஏரிக்கு ஏற்ற சிறு அளவைக் கேட்டு வாங்க வேண்டும். செப்டம்பரிலேயே கொள்முதலை முடித்துவிடுவது நல்லது. மழை தொடங்கியபின் அலைய முடியாது. வரி வகைப்பாட்டில் இவை 9507 என்ற தலைப்பில் வரும். விகிதத்தைக் கணக்காளரிடம் கேட்டுப் பில் போடுங்கள்.

மிக முக்கியமான எச்சரிக்கை: ஈயம் நஞ்சு. ஈயக்குண்டை மளிகைச் சாமான் எடுக்கும் கையால் தொட்டு, அதே தராசில் நிறுத்து, அதே தட்டில் பருப்பைக் கொட்டுவது கூடவே கூடாது. மூடியுள்ள தனி டப்பாவில், முன்கூட்டியே எண்ணிக் கட்டிய சிறு பொட்டலங்களாக வையுங்கள். முட்களும் அப்படியே. அரிசி மூட்டைக்குள் ஒரு முள் விழுந்தால் அதன் விளைவை நாம் சொல்ல வேண்டியதில்லை.

விற்க மறுக்க வேண்டியவை

பிளீச்சிங் பவுடர் நம் கடைச் சரக்கு. வற்றிய குட்டையில் அதைக் கொட்டி மீன் பிடிப்பவர்கள் உண்டு. மீனுக்கு விஷமிடுவதும் வெடி வைப்பதும் 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டப்படியே குற்றம். ஏரிக்கு என்று தெரிந்தால் கொடுக்கக் கூடாது. அந்த ஒரு விற்பனையில் கிடைக்கும் சில்லறைக்காக ஓர் ஆண்டின் தூண்டில் வியாபாரத்தை இழப்போம்.

தனியே வரும் சிறு பிள்ளைகளுக்குப் பெரியவர் துணை உண்டா என்று கேளுங்கள். மண் எடுத்த ஏரிகளில் கரையிலிருந்து நாலடி தள்ளியே ஆள் ஆழப் பள்ளம் இருக்கும். மழைக்காலத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் மின்கம்பிக்கு அடியிலோ இடி இடிக்கும்போதோ அதைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

எங்கும் தூண்டில் போடலாம் என்றும் சொல்லிவிடாதீர்கள். பல ஏரிகளில் மீன் பாசி உரிமை குத்தகைக்கு விடப்படுகிறது. குத்தகைதாரரின் அனுமதி வேண்டும். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் வனத்துறைப் பகுதியும், வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குள் இருக்கும் ஓட்டேரியும் தூண்டில் போடும் இடங்கள் அல்ல.

கணக்குப் புத்தகம் சொல்லும் செய்தி

கடைசியாக ஒன்று. செம்பாக்கம் ஏரி நிரம்பினால் உபரி நீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணையை அடைய வேண்டும். ஏரிகள் இப்படி ஒன்றுக்கொன்று சங்கிலியாக இருப்பதால், ஓரிடத்தில் கழிவுநீர் கலந்தால் அடுத்த ஏரிக்கும் அது போகும். ஓரிடத்தில் கால்வாய் அடைபட்டால் ஊருக்குள் தண்ணீர் வரும். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கியபோது, சரக்கை இழந்த கடைக்காரர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஏரி கெடுவதை முதலில் அறியக்கூடியவர் தூண்டில் விற்பவர். நல்ல தண்ணீர் இருக்கும் வரை 12, 14-ஆம் எண் முள் விற்கும்; சிறு கெண்டைகளுக்குத் தண்ணீரில் கரைந்த பிராணவாயு வேண்டும். கழிவுநீர் கூடக்கூட அவை முதலில் போகும். எதையும் தாங்கும் ஜிலேபியும், காற்றைச் சுவாசிக்கும் விராலும் மட்டும் மிஞ்சும். "விரால் இருக்கிறதே, தண்ணீர் நல்லதுதான்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சாக்கடை நாற்றமும் நுரையும் உள்ள ஏரியின் மீனைச் சாப்பிட வேண்டாம் என்றே வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள்.

சிறு முள்ளின் விற்பனை ஆண்டுக்கு ஆண்டு குறைந்து, பெரிய முள் மட்டுமே போகிறது என்று உங்கள் கணக்குப் புத்தகம் காட்டினால், வாடிக்கையாளரின் ரசனை மாறிவிட்டது என்று எண்ணிச் சும்மா இருந்துவிடக் கூடாது. அவர்களிடம் விசாரியுங்கள். எந்த ஏரி, எந்தப் பக்கம், எப்போதிலிருந்து என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்போடு வட்டாரச் சங்கக் கூட்டத்துக்கு வாருங்கள். மாநகராட்சிக்கும் நீர்வளத் துறைக்கும் சங்கத்தின் பெயரால் மனுக் கொடுக்கலாம். ஒரு கடைக்காரர் போய்ச் சொன்னால் அலட்சியம் செய்யலாம். ஏரியைச் சுற்றியுள்ள நாற்பது கடைக்காரர்கள் நாள் குறித்த கணக்கோடு போனால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வரும் பருவத்துக்கு ஒரு தட்டு ஒதுக்குங்கள். மூன்று அளவு நரம்பு, நாலைந்து எண்களில் முள், கொஞ்சம் தக்கை, மூடிய டப்பாவில் ஈயம், பத்து ரப்பர் தவளை என்று தொடங்கினால் போதும். எந்த எண் எவ்வளவு விற்றது என்று முதல் நாளிலிருந்தே தனியாக எழுதி வையுங்கள்.